மணிக்கூட்டு வீரர்

“ஞாயிற்றுக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு எண்டு போட்டிருக்கு, சிசிலி. அதுவும் எந்த ஞாயிறு? மார்ச் இருபத்தாறு!”

செல்வரட்ணம் அண்ணை கடிதத்தை நீட்டிய விதத்தைப் பார்த்தால், அது பங்குச் சபையிலிருந்து வந்த கடிதம் போல இல்லை. நாடு கடத்தும் உத்தரவு போல இருந்தது. ஹனோவரில் இருபத்திரண்டு குடும்பங்களின் நாற்பத்தொரு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் அதிபர். சிசிலி இரண்டாம் வகுப்பு ஆசிரியை. கிழமை நாட்களில் அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிறவள். மன்னார்க்காரி. நெஞ்சுக்குள் எவ்வளவு பதறினாலும் தட்டு ஆடாது.

அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். விடயம் இதுதான். தேவாலயத்துப் பங்கு மண்டபத்தைச் சனிக்கிழமை காலையில் தங்களுக்குத் தரும்படி முதியோர் தேகப்பயிற்சிக் குழு கேட்டிருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் மண்டபத்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கப் பங்குச் சபையிலிருந்து பிறவ் லிண்ட்னர் என்ற அம்மையார் வருவார். அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் குழந்தைகளின் பழைய உடுப்புச் சந்தை நடப்பதால் வகுப்பை மறுநாள் ஞாயிறு ஒன்பது மணிக்கு வைக்கவேண்டும். கடைசி வரி: “ஹவுஸ்மைஸ்டர் ஹெர் பிறிங்மன் எழுதிவரும் வரவுக் குறிப்புகளும் கவனத்தில் எடுக்கப்படும்.”

“அந்தக் கொப்பி!” என்றாள் சிசிலி.

“ஓம். அந்தக் கொப்பிதான்,” என்றார் அண்ணை, ஒரு பிணத்தை அடையாளம் காட்டுகிறவர் போல.

ஹெர் பிறிங்மன் மண்டபத்துக் காவலர், திருத்துநர், கூட்டுநர் எல்லாம். ஆறடி உயரம், அதற்கேற்ற மௌனம். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நின்று, தமிழர்கள் வந்து சேர்ந்ததும் தலையை அண்ணாந்து சுவரைப் பார்ப்பார். அங்கே ஒரு சிலுவையும் அதன் பக்கத்தில் ஒரு பழைய மணிக்கூடும் தொங்கும். சிலுவையைப் பார்த்துப் பொறுமை கேட்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு கொப்பியைத் திறந்து ஏதோ எழுதுவார்.

என்ன எழுதுவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வகுப்பு பத்து மணிக்கு. பத்து மணிக்கு வாசலில் சிசிலி மட்டும் நிற்பாள். பத்தேகாலுக்கு அதிபர் வருவார். பத்தரைக்குத்தான் கார்கள் வரிசையாக வந்து, பிள்ளைகளையும் பைகளையும் ஒரு கால் சப்பாத்தையும் இறக்கிவிட்டுப் போகும். இதிலே ஒரு ஆறுதல், அந்தச் சுவர் மணிக்கூடு கிழடு. எப்போதும் அரை மணித்தியாலம் பிந்தியே ஓடும். பத்தரைக்கு உள்ளே வந்தால் அது பத்து என்று காட்டும். “முழு ஜெர்மனியிலையும் எங்களை மாதிரி ஒரேயொரு மணிக்கூடு,” என்று தகப்பன்மார் சிரித்துக்கொள்வார்கள். அதிபரும் அதைப் பார்த்தே வருகைப் பதிவு டாப்பில் ‘வரவு’ போடுவார். மனச்சாட்சிக்கும் பங்கமில்லை, டாப்புக்கும் பங்கமில்லை.

ஆனால் கிழட்டு மணிக்கூடு பிறவ் லிண்ட்னரை ஏமாற்றாது. அதிலும் மார்ச் இருபத்தாறு என்பது நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் திருப்பும் நாள். கோடை நேரம் பிறக்கிற நாள்.

“போன வருசம் பாஸ்காவுக்கு நடந்தது ஞாபகம் இருக்கோ?” என்றார் அண்ணை.

மறக்க முடியுமா? போன வருடம் உயிர்த்த ஞாயிறும் நேரம் மாறுகிற ஞாயிறும் ஒன்றாக வந்து விழுந்தன. பட்டுச் சேலையும் கோட்டுமாகத் தமிழ்ச் சனம் கோவிலுக்குள் நுழைந்தபோது சுவாமியார் இறுதி ஆசீர் கொடுத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்து உயிர்த்து, எல்லோரும் வீட்டுக்குப் போகிற நேரம்.

“வழமையான அரை மணித்தியாலம், அதோடை இந்த ஒரு மணித்தியாலம். ஒண்டரை மணித்தியாலம் பிந்தி வருவினம். மண்டபம் போச்சு,” என்றார் அண்ணை.

இந்த மண்டபம் கிடைக்க முன்னர் அவர்கள் படிப்பித்தது அண்ணையின் மாடிக்கட்டடத்து நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்கு நடுவே. ‘அம்மா, ஆடு, இலை’ என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல, இயந்திரம் தண்ணீர் பிழிகிற சத்தத்தில் இலை கேட்காது. இந்த மண்டபத்தில் பெரிய கண்ணாடி யன்னல்கள். சுவரில் ஆணியடித்து எழுத்து அட்டைகளைத் தொங்கவிட ஹெர் பிறிங்மன் விட்டிருந்தார். முதன்முதலாக அந்த யன்னல் வெளிச்சத்தில் ஒரு பிள்ளை பிழையில்லாமல் தன் பெயரை எழுதிய நாளில், சிசிலி மண்டபத்துக் குசினிக்குள் போய் நின்று கண்ணைத் துடைத்தவள். அதை விட்டுக்கொடுக்க ஏலாது.

“தாய்தகப்பனுக்குச் சொல்லி வேலையில்லை, அண்ணை,” என்றாள். “பிள்ளையளுக்குப் படிப்பிப்பம். அதுகள் தாய்தகப்பனை எழுப்பிக் கொண்டுவருங்கள்.”

நல்ல யோசனைதான். உலகத்தில் நடந்த பெரிய குழப்பங்கள் எல்லாம் நல்ல யோசனையில்தான் தொடங்கியிருக்கின்றன.

அன்று பின்னேரமே அவள் வசுந்தரா வீட்டுக்குப் போனாள். வசுந்தரா சென்னைப் பெண். புருஷன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகன் முகுந்த் சிசிலியின் வகுப்பில். வீட்டில் கணினியும் அச்சிடும் இயந்திரமும் இருந்தன. அவற்றைவிடப் பெரிய சொத்தாக வசுந்தராவின் உற்சாகம் இருந்தது.

“நெட்ல இல்லாததே கிடையாது அக்கா! டீச்சர்ஸுக்குன்னே தனி சைட் இருக்கு. லெசன் பிளான், வொர்க்‌ஷீட், சர்டிபிகேட், எல்லாமே ஃப்ரீ!”

திரையில் ஒரு சிரிக்கும் மணிக்கூடு துள்ளித் துள்ளி வந்தது. அமெரிக்காவில் எங்கோ இருக்கிற ஆசிரியர்கள், பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிற நேரமாற்றத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பாடம் பாடமாகப் போட்டு வைத்திருந்தார்கள். வெட்டி ஒட்டுகிற காகித மணிக்கூடு. வீட்டிலுள்ள கடிகாரங்களின் பட்டியல். கடைசியில் வீட்டுவேலை: ‘பெற்றோரின் அனுமதியோடு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே திருப்பு. பெற்றோரிடம் கையொப்பம் வாங்கு.’ அப்படிச் செய்கிற பிள்ளைக்குத் தங்க நிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழ்.

சிசிலிக்கு மெய்சிலிர்த்தது. முகமே தெரியாத ஆசிரியர்கள், ஒரு சதமும் கேட்காமல், தங்கள் பாடங்களை உலகத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்களே! “கடவுள் அவையளை நல்லா வைச்சிருக்கோணும்,” என்றாள்.

அவள் கண் கூர்மையானது. “பொறுங்கோ, வசுந்தரா. இதிலை ஏப்ரல் முதல் ஞாயிறு எண்டு கிடக்கு. அமெரிக்காக்காரன் எங்களுக்குப் பிறகுதான் திருப்பிறான் போலை.”

“சூப்பர் அக்கா! நான் கவனிக்கவே இல்ல பாருங்க. ஏமாந்திருப்போம்!”

திகதியைத் திருத்தினார்கள். இனிப் பிழை வர வழியே இல்லை என்று சிசிலி நிம்மதியாக மூச்சுவிட்டாள். சான்றிதழின் தலைப்பை வசுந்தரா ‘மணிக்கூட்டு வீரர்’ என்று தமிழில் அடித்தாள். நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு நாற்பத்திரண்டு பிரதி, ஒன்று கைகாவலாக.

ஒரேயொரு இடத்தில் மட்டும் சிசிலி தன் சொந்தப் புத்தியைப் பாவித்தாள். வகுப்பு ஒன்பதுக்கு என்று போட்டால் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். ஆகையால் ‘எட்டரை’ என்று அடிக்கச் சொன்னாள். தமிழருக்கு அழைப்பிதழ் அடித்த எவரும் இதைக் குற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

மார்ச் பதினெட்டாம் திகதி சனிக்கிழமை பாடம் அமர்க்களமாக நடந்தது. பிள்ளைகள் காகித மணிக்கூட்டின் முள்ளை முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்றினார்கள். ஒவ்வொருவரும் வீட்டுவேலைத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு, போருக்குப் போகிறவர்கள் போலப் புறப்பட்டார்கள்.

திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தது. பொதிகள் தரம்பிரிக்கும் நிலையத்தில் வேலைசெய்யும் றொனால்ட். அவருக்கு ஒரே மகள், லவினியா.

“ரீச்சர், நான் அஞ்சு மணிக்கு வேலைக்குப் போய், ஆறு மணி மட்டும் வாசலிலை குளிருக்கை நிண்டனான். மகள் சனிக்கிழமையே மணிக்கூட்டைத் திருப்பிப்போட்டாள். கேட்டா, ‘அப்பா நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்’ எண்டுறாள்.”

பிள்ளைகளுக்கு ஒரு கிழமை பொறுக்க முடியவில்லை. சிசிலி அண்ணைக்கு எடுத்தாள். அண்ணை உடனே தொலைபேசிச் சங்கிலியை இழுத்தார்: ஒருவர் இரண்டு பேருக்குச் சொல்ல, அந்த இரண்டு பேர் நாலு பேருக்குச் சொல்வார்கள். செய்தி இது: திருப்பின மணிக்கூடுகளைப் பழையபடி வையுங்கோ. சனிக்கிழமை பின்னேரம்தான் திருப்ப வேணும். தாய்தகப்பன் ஒருக்காச் சரிபாருங்கோ.

அண்ணையும் அதிபர் அல்லவா? சொந்தப் புத்தி அவருக்கும் இருந்தது. தாளில் எட்டரை என்று இருப்பதைக் கண்டார். அது சிசிலி ஏற்கெனவே குறைத்த நேரம் என்று அவருக்குத் தெரியாது. ‘எட்டரை எண்டா ஒன்பதுக்குத்தான் வருவினம், மட்டுமட்டு’ என்று கணக்குப் போட்டு, எட்டு மணி என்று சொன்னார். சங்கிலியின் நடுவில் டக்ளஸ் இருந்தார். பழைய கிரிக்கெட் அணித் தலைவர். தாமதத்தால் ஒரு ஆட்டத்தையே இழந்தவர். அவர் ஏழரை என்றார்.

புதன்கிழமை, சிசிலி வேலையில் நிற்கிறபோது, டக்ளஸின் மனைவி டெல்சி எடுத்தாள். சிசிலியின் ஒரு கையில் உப்பில்லாத சூப், மறு கையில் சீனியில்லாத புடிங், தோளில் தொலைபேசி.

“அக்கா, எனக்கு மூண்டு பிள்ளையள். ஒண்டு திருப்பினா மற்ற இரண்டும் அழுகுதுகள், தங்களுக்குச் சான்றிதழ் இல்லையாம் எண்டு. நான் என்ன செய்ய?”

“மூண்டு பேரையும் திருப்ப விடுங்கோ, டெல்சி. மூண்டு பேருக்கும் சான்றிதழ் இருக்கு.”

“மூண்டு பேரும்?”

“ஓம் ஓம், மூண்டு பேரும். பேந்து கதைக்கிறன்.”

டெல்சி நன்றியுள்ள பெண். தனக்குக் கிடைத்த நல்ல விளக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், ஒன்றுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் எடுத்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு, வகுப்புக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தி, சிசிலி ட்ராமால் இறங்கி மண்டபத்துத் தெருவுக்குத் திரும்பினாள். ஒருவரும் இல்லாத வாசலில் நின்று செபமாலை சொல்லலாம் என்பது அவளுடைய திட்டம். வாசலில் எண்பது பேர் நின்றார்கள்.

தலைக்குத் தொப்பி, கழுத்துக்குச் சால்வை, கையில் சூட்டுப்போத்தல். சிலர் நடந்தார்கள். சிலர் காருக்குள் வாயைத் திறந்தபடி நித்திரை. ஒரு மதில் மேலே கட்லட் பெட்டி திறந்திருந்தது.

“என்ன இது? எப்ப வந்தனீங்கள்?” என்றாள் சிசிலி.

“நாங்கள் அஞ்சரைக்கு,” என்றாள் டெல்சி. அவள் மூக்கு சிவந்திருந்தது. “எங்கடை மணிக்கூட்டிலை அப்ப ஏழரை. இன்னும் விடியேல்லையே எண்டு யோசிச்சனாங்கள் அக்கா. பிறகு, இந்தக் கோடை நேரம் எண்டா இப்பிடித்தான் இருட்டா இருக்குமாக்கும் எண்டு இருந்திட்டம்.”

“எத்தினை தரம் திருப்பினனீங்கள்?”

“மூத்தவன் ஒருக்கா, நடுவிலாள் ஒருக்கா, சின்னன் ஒருக்கா. நீங்கள்தானே மூண்டு பேரையும் திருப்பச் சொன்னனீங்கள்?”

சிசிலி சுற்றிப் பார்த்தாள். விளங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு ஆறரைக்கு வந்திருந்தது. ஒரே பிள்ளை உள்ள றொனால்ட் சரியாக ஏழரைக்கு, இப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார். நாலு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பமும் இருந்தது. அவர்கள் எப்போது வந்தார்கள் என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அமெரிக்க ஆசிரியர்கள் பாவம், வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று நினைத்துப் பாடம் எழுதியிருந்தார்கள்.

குளிரில் சின்னன்கள் சிணுங்கத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெர்மன் தெரு; ஒரு இருமல்கூடக் குற்றம். எதிர்வீட்டு யன்னலில் திரைச்சீலை அசைந்தது. பிள்ளைகள் அழாமல் இருக்க ஒரு பாட்டுப் பாடுவோம் என்று அதிபர் தொடங்கினார். நின்ற பிள்ளைகள் எல்லோரும் உடம்பு சூடேறும்வரை பாடினார்கள். இப்போது ஐந்து வீட்டு யன்னல்கள் திறந்தன.

“இன்றைக்கு ஞாயிறு!” என்று குளியல் அங்கியோடு ஒரு கிழவர் ஜெர்மனில் கத்தினார்.

“தெரியும் ஐயா, அதுதான் வந்தனாங்கள்!” என்று அண்ணை தமிழிலேயே பதில் சொல்லி, இரண்டு கட்லட்டை யன்னலில் நீட்டினார். கிழவர் வாங்கிக்கொண்டு யன்னலைச் சாத்தினார். சமாதானமா, பறிமுதலா என்று தெரியவில்லை.

எட்டரைக்கு வசுந்தரா வந்தாள், சான்றிதழ்க் கட்டோடும் முகுந்தோடும். அவள் வீட்டுக் கணினி தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. தொலைபேசிச் சங்கிலி அவள் வரை எட்டவில்லை; தாளில் எட்டரை என்று இருந்தது, எட்டரைக்கு வந்தாள். “என்னக்கா, எல்லாரும் இவ்ளோ பங்ச்சுவலா?” என்று வியந்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே ஹெர் பிறிங்மன் சாவிக்கொத்தோடு வளைவில் திரும்பினார்.

திரும்பியவர் நின்றார். எண்பது பேரைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி எண்பது பேரைப் பார்த்தார். முகத்தில் இரத்தம் இறங்கிப் போனது. பிறகு, அந்த மனிதர் ஓடினார். இரண்டு வருடத்தில் அவர் வேகமாக நடந்துகூட யாரும் கண்டதில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்து உள்ளே புகுந்து, எல்லோருடைய முகத்துக்கும் முன்னால் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டார்.

“சரி. பொலிசுக்கு அடிக்கப் போயிட்டார்,” என்றார் அண்ணை.

உள்ளே எதையோ கனமாக இழுக்கிற சத்தம் கேட்டது. சிசிலி கதவில் காதை வைத்தாள். மண்டபத்து மேசை கதிரைகளை ஒதுக்குகிறாரா? எழுத்து அட்டைகளைக் கழற்றுகிறாரா? மன்னிப்புக் கேட்டுவிடுவதுதான் சரி. கதவைத் தட்டினாள்.

இழுக்கிற சத்தம் நின்றது. மறுபடி ஏதோ இழுபட்டது. கதவு ஒரு சாண் திறந்தது.

“ஹெர் பிறிங்மன், சத்தத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கொஞ்சம் முந்தி வந்துவிட்டார்கள்,” என்றாள் ஜெர்மனில்.

“பரவாயில்லை,” என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. கதவு சாத்தப்பட்டது. மறுபடி இழுக்கிற சத்தம்.

“அந்தப் ‘பரவாயில்லை’ சரியில்லை,” என்றார் அண்ணை. “நான் கட்லட் குடுத்துப் பாக்கிறன்.” தட்டினார். சத்தம் நின்றது, ஏதோ இழுபட்டது, கதவு திறந்தது, கட்லட் உள்ளே போனது, கதவு சாத்தப்பட்டது. பிறகு டக்ளஸ் தட்டினார், சின்னனுக்கு அவசரமாக மூத்திரம் போகவேண்டும் என்று. அதற்குப் பிறகு சிசிலி மறுபடியும் தட்டினாள், டக்ளஸ் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்க. இம்முறை கதவு திறந்தபோது ஹெர் பிறிங்மன்னின் தலைமயிர் கலைந்திருந்தது. “அம்மா,” என்றார் கெஞ்சுகிற குரலில், “எனக்கு ஐந்து நிமிடம் தாருங்கள். ஐந்தே ஐந்து நிமிடம்.”

“காலை வணக்கம்!” என்றது பின்னால் ஒரு குரல். சாம்பல் நிறக் கோட்டும் கையில் கோப்புமாகப் பிறவ் லிண்ட்னர். பக்கத்துத் தேவாலய மணி ஒன்பது அடித்தது.

ஹெர் பிறிங்மன் கண்ணை மூடிக் கதவை முழுவதுமாகத் திறந்தார்.

நாற்பத்தொரு பிள்ளைகளும் வரிசை குலையாமல் உள்ளே போனார்கள். மணிக்கணக்காகக் குளிரில் நின்ற பிள்ளைகளுக்குச் சூடாக்கி போட்ட மண்டபம் பரலோகமாகத் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறவ் லிண்ட்னர் வாசலில் நின்று எண்ணினாள். பிறகு சுவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். மணிக்கூடு எட்டரை காட்டியது. அதற்குக் கீழே ஒரு ஏணி சாய்ந்திருந்தது.

“இந்த மணிக்கூடு இன்னும் நித்திரையால் எழும்பவில்லை போல,” என்றாள்.

ஹெர் பிறிங்மன் நிலத்தைப் பார்த்தார். அந்த நேரம், பின்கதவால் குசினிக்குள் வந்திருந்த அவருடைய மனைவி, குண்டான சிரித்த முகக்காரி, எட்டிப் பார்த்தாள். “பிறவ் லிண்ட்னர், முதலில் ஒரு கோப்பி குடியுங்கள். கேக்கும் இருக்கிறது. ஒரு அரை மணித்தியாலம் ஆறுதலாக இருந்து...”

“பிறகு, பிறகு. பாடத்தைப் பார்க்கவேண்டும்.”

சிசிலி காகித மணிக்கூட்டைக் கையில் எடுத்தாள். ஏன் நேரத்தை மாற்றுகிறோம், மாலை வெளிச்சம் எப்படி நீளும், முள் எங்கேயிருந்து எங்கே போகும் என்று பிள்ளைகள் தமிழிலும் ஜெர்மனிலும் மாறி மாறிச் சொன்னார்கள். பிறவ் லிண்ட்னர் பேனையை எடுக்கவேயில்லை. கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லவினியா மட்டும் கையை உயர்த்திச் சுவரைக் காட்டினாள்.

“ரீச்சர், அந்த மணிக்கூட்டை மாத்த மறந்திருந்தா ஒரு மணித்தியாலம் எல்லோ பிந்தோணும்? ஏன் அரை மணித்தியாலம் பிந்தியிருக்கு?”

“அது கிழட்டு மணிக்கூடு, பிள்ளை. இருங்கோ.”

“ஊரிலை அரை மணித்தியாலமும் மாத்தினவை எண்டு அப்பா சொன்னவர்.”

“அது ஊரிலை. இருங்கோ, லவினியா.”

பாடம் முடிந்தது. பிறவ் லிண்ட்னர் எழுந்தாள். மணிக்கூட்டுக்குக் கீழே ஆணியில் தொங்கிய கொப்பியை எடுத்துப் புரட்டினாள். அண்ணை மெதுவாகச் சிசிலியின் பக்கத்தில் வந்து நின்றார். விரிந்த பக்கங்கள் ஒவ்வொன்றாகப் போயின. சிசிலி மனத்துக்குள் தன் ஊர் மடு மாதாவை அழைத்தாள்.

“ஹெர் பிறிங்மன் எழுதியது எழுதியதுதான். முப்பது வருடமாக அவருடைய குறிப்பில் ஒரு பிழை நான் கண்டதில்லை,” என்றாள் பிறவ் லிண்ட்னர். “இரண்டு வருடம். ஒவ்வொரு சனியும் ஒரே வரி. ‘பத்து மணி. எல்லோரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி. எல்லோரும் போய்விட்டார்கள். மண்டபம் சுத்தம்.’ இன்றைக்கு என் கண்ணாலும் பார்த்துவிட்டேன். தேகப்பயிற்சிக்காரருக்கு நான் புதன்கிழமையை ஒதுக்கிக் கொடுக்கிறேன். மண்டபம் உங்களுக்குத்தான்.”

கையைக் குலுக்கினாள். முகுந்தின் கன்னத்தைத் தட்டினாள். குசினியில் நின்றபடி ஒரு வாய் கோப்பியும் ஒரு துண்டு கேக்கும் முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் மண்டபம் ஆர்ப்பரித்தது. டக்ளஸ் அதிபரைத் தூக்கப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டதால் விட்டுவிட்டார். தாய்மார் மிஞ்சிய கட்லட்டுகளைக் குசினிக்குக் கொண்டு ஓடினார்கள். சிசிலி மட்டும் கொப்பியைக் கையில் வைத்தபடி நின்றாள். பத்து மணி, எல்லோரும் வந்துவிட்டார்கள். பத்து மணி, எல்லோரும் வந்துவிட்டார்கள். நூறு சனிக்கிழமைகள். பத்தரைக்கு வந்தவர்களுக்குப் பத்து மணி.

இந்த மனிதரைப் பார்த்தா இரண்டு வருடமாகப் பயந்தோம்? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஹெர் பிறிங்மன், நன்றி. எங்களுக்காக நீங்கள் இவ்வளவு காலமும் பொய் எழுதியிருக்கிறீர்கள். இந்த உதவியை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம்.”

ஹெர் பிறிங்மன் நிமிர்ந்தார். ஆறடி ஆறரை அடியானது. காது இரண்டும் சிவந்தன.

“பொய்யா? அம்மா, நான் என் வாழ்நாளில் ஒரு பொய் எழுதியதில்லை. மணிக்கூடு என்ன காட்டியதோ அதைத்தான் எழுதினேன். அண்ணாந்து பார்த்துத்தான் எழுதினேன்!”

ஐயோ, நன்றி சொல்லப் போய் நல்ல மனிதரைப் புண்படுத்திவிட்டோமே என்று சிசிலி பதறினாள். அந்தக் கிழட்டு மணிக்கூடு பிந்தி ஓடுவது பாவம் இவருக்கே தெரியாது போலிருக்கிறது. கண்ணைச் சுற்றிலும் ஓட்டினாள். சான்றிதழ்க் கட்டில், நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் கொடுத்து மிஞ்சிய நாற்பத்திரண்டாவது, தங்க ஓரத்தோடு கிடந்தது. வசுந்தராவின் பேனையை வாங்கி, அதில் அவர் பெயரை அழகாகத் தமிழில் எழுதி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“கோபிக்கவேண்டாம். இது மணிக்கூட்டைத் திருப்பிய பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சான்றிதழ். மண்டபத்து மணிக்கூட்டைத் திருப்புகிறவர் நீங்கள்தானே. வருடத்தில் இரண்டு தரம் ஏணி வைத்து ஏறுகிறவருக்கு எங்கள் அன்பளிப்பு.”

ஹெர் பிறிங்மன் அதை வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். சாய்ந்திருந்த ஏணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்பது போல.

அவருடைய மனைவி கேக் தட்டைச் சிசிலியின் கையில் வைத்தாள்.

“வருடத்தில் இரண்டு தரமா? உங்கள் பிள்ளைகள் பிந்திவிட்டார்கள் என்று எழுத மனம் வராமல், பொய் எழுதவும் தெரியாமல், இந்த மனிதர் இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏணி வைத்து ஏறி அந்த மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிட்டு வந்துதானே கதவைத் திறக்கிறார், அம்மா! இன்றைக்கு நீங்கள் முந்தி வந்ததைக் கண்டு, நேற்று இரவே பின்னுக்குத் திருப்பி வைத்ததைச் சரியாக்கத்தான் ஓடினார்; தட்டித் தட்டி நீங்கள் அவரை ஏற விடவில்லையே!”